அகேவ் வளர்ப்பு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தோட்ட வேலிகளில் காணும் ஆனைக்கற்றாழை வகையைச் சேர்ந்த அகேவ், வறட்சியைத் தாங்கும் செடி என்பதில் ஐயமில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட அகேவ் இனங்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் வறண்ட மலைச்சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும் இயற்கையாக வளர்கின்றன. பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவின் குளிர்ச்சியில் மட்டும் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி, அதை அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சம் வந்ததும் உணவாக்கிக்கொள்ளும் திறன் இச்செடிக்கு உண்டு. அதனால் மற்ற செடிகள் பகல் வெயிலில் ஆவியாக இழக்கும் நீரில் ஒரு சிறு பங்கை மட்டுமே இது இழக்கிறது. தடித்த இலைகளும் அவற்றின் மேலுள்ள மெழுகுப் படலமும் அந்தச் சிக்கனத்திற்குத் துணை நிற்கின்றன.

ஆயினும் நம் வீடுகளில் அகேவ் செடிகள் பெரும்பாலும் வெயிலால் சாவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேர் அழுகியே சாகின்றன. சென்னையில் ஆண்டொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. அகேவ் இனங்கள் பலவற்றின் தாயகமான சிவாவா பாலைவனத்தின் பெரும்பகுதியிலோ ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 400 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. எனவே இனத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் மண் கலப்பது வரை, இங்கே சொல்லப்படும் படிகள் அனைத்தும் அந்த மூன்று மாதங்களை மனத்தில் வைத்தே அமைந்துள்ளன. நடும்போது செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துவிட்டால், அதன்பிறகு இச்செடி உங்களிடம் கேட்பது மிகக் குறைவு.

எந்த அகேவை வாங்குவது?

ரயில் பாதை ஓரங்களிலும் தோட்ட வேலிகளிலும் நிற்கும் ஆனைக்கற்றாழையும், கயிறு திரிக்க நார் எடுக்கப்படும் கற்றாழையும் அகேவ் இனங்களே. ஆனைக்கற்றாழையின் தாவரவியல் பெயர் அகேவ் அமெரிக்கானா. இது முழு வளர்ச்சியடைந்தால் ஆள் உயரத்தை எட்டும். குறுக்களவு மூன்று மீட்டரையும் தாண்டும். இலை விளிம்பில் மஞ்சள் கோடு ஓடும் இதன் அழகு வகையை நர்சரிகளில் ஒரு சாண் உயரக் கன்றாக வைத்து விற்பார்கள். அதுவும் வளர்ந்தபின் ஏறக்குறைய அதே பருமனுக்கு வந்துவிடும் என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. பரந்த நிலம் உள்ளவர்களுக்கு அது பொருத்தமானது. மொட்டை மாடிக்கோ இரண்டு அடி அகல முகப்புத் தோட்டத்திற்கோ அது ஆகாது.

வெள்ளை விளிம்பும் ஒடுங்கிய விறைப்பான இலைகளும் கொண்டு, பூங்காக்களிலும் அலுவலக வாசல்களிலும் அடிக்கடி காணப்படுவது அகேவ் அங்குஸ்டிஃபோலியாவின் ஒரு வகை. சுமார் ஒரு மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். வெயிலையும் வறட்சியையும் நன்கு தாங்கும். ஆனால் இதன் நுனிமுள் ஊசிபோல் கூர்மையானது. குழந்தைகள் ஓடியாடும் வீடாக இருந்தால் முள்ளே இல்லாத அகேவ் அட்டெனுவாட்டாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சாம்பல் கலந்த பச்சை நிறத்தில், பெரிய பூ விரிந்ததுபோல் இலைகள் அடுக்கப்பட்டிருக்கும் இந்த இனம், மற்றவற்றைவிடச் சற்றுக் கூடுதலான நீரையும் ஓரளவு நிழலையும் ஏற்றுக்கொள்ளும். உறைபனியைத் தாங்காது என்பதே இதன் குறை. ஆகவே உதகை, கொடைக்கானல் பகுதிகளில் வளர்ப்பவர்கள் டிசம்பர், ஜனவரி இரவுகளில் இதைக் கூரைக்குள் வைக்க வேண்டும்.

அகேவ் விக்டோரியா-ரெஜினே, அகேவ் பொட்டட்டோரம் போன்ற சிறிய இனங்கள் தொட்டிக்கு மிகவும் பொருந்தும். அழகிலும் இவற்றுக்கு இணை குறைவு. முன்னதன் இலைகளில் தூரிகையால் தீட்டியதுபோல் வெள்ளைக் கோடுகள் ஓடும். ஆனால் இவை மிக மெதுவாக வளர்பவை, விலையும் கூடுதல். முதன்முதலாக வளர்ப்பவர்கள் அட்டெனுவாட்டாவிலோ அங்குஸ்டிஃபோலியாவிலோ தொடங்கி, ஒரு மழைக்காலத்தை வெற்றிகரமாகக் கடந்தபின் இவற்றிற்குச் செல்வதே என் பரிந்துரை.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சோற்றுக் கற்றாழையும் அகேவும் வேறு வேறு செடிகள். சோற்றுக் கற்றாழை இலையை வெட்டினால் உள்ளே வழுவழுப்பான சோறு இருக்கும். அகேவ் இலைக்குள் நீளநீளமான நார்கள் இருக்கும். சோற்றுக் கற்றாழை இலை மென்மையான நுனியில் முடியும். பெரும்பாலான அகேவ் இலைகள் கடினமான ஒற்றை முள்ளில் முடியும். அகேவ் இலைச்சாறு தோலை அரித்துக் கொப்புளமாக்கும் தன்மையுடையது என்பதால், அதை முகத்தில் பூசுவதோ சாறெடுத்துக் குடிப்பதோ கூடாது.

வாங்கும் காலமும் கன்றைச் சோதிப்பதும்

தை, மாசி மாதங்களே வாங்கி நடுவதற்கு ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது, அடுத்த அடைமழைக்குள் வேர் பிடிக்க ஏழெட்டு மாதங்கள் கிடைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாங்குவதைத் தவிர்க்கவும்.

கன்றின் அடிப்பகுதியை மெல்ல அழுத்திப் பார்த்தால் கல்போல் உறுதியாக இருக்க வேண்டும். நடுக்குருத்து நேராகவும் இறுக்கமாகவும் நிற்க வேண்டும். குருத்தைப் பிடித்து இலேசாக ஆட்டினால் அது தளர்ந்தோ கையோடு வந்தோ விட்டால், அழுகல் உள்ளே தொடங்கிவிட்டது என்று பொருள். இலைகள் தண்டோடு சேரும் இடுக்குகளில் வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சி உள்ளதா என்றும் பார்த்துக்கொள்க.

இடம்

நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் படும் இடம் தேவை. அட்டெனுவாட்டாவுக்கு மட்டும் அரைநாள் வெயில் போதும். வீட்டின் கூடத்தில் அலங்காரமாக வைக்க எண்ணுகிறவர்கள் வேறு செடியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. வெளிச்சம் போதாத இடத்தில் அகேவ் உடனே சாகாது. ஆனால் இலைகள் வெளிறி, நீண்டு, அடுக்கு குலைந்து, சில மாதங்களில் தன் வடிவத்தையே இழந்துவிடும்.

நர்சரியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த கன்றை வாங்கி வந்த அன்றே நண்பகல் வெயிலில் வைத்தால் இலைகள் வெந்துவிடும். முதலில் வெளிறிய திட்டுகள் தோன்றி, பின்பு அவை பழுப்பாகிக் காயும். அந்த இலை உதிரும்வரை அத்தழும்பு மாறாது. ஆகையால் முதல் வாரம் காலை ஒன்பது மணி வரையிலான வெயிலும், அடுத்த வாரம் பதினொரு மணி வரையிலான வெயிலும் படுமாறு வைத்து, மூன்றாம் வாரத்திலிருந்து முழு வெயிலுக்கு நகர்த்தவும். சித்திரை, வைகாசியில் வாங்கிய கன்றென்றால் இந்தப் பழக்கத்தை ஒரு மாதம் வரை நீட்டிப்பது பாதுகாப்பானது.

மொட்டை மாடியில் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அகேவ் இலைகள் தாங்கும் வெப்பத்தை வேர்கள் அந்த அளவுக்குத் தாங்குவதில்லை. கோடையில் கொதிக்கும் தளத்தின்மேல் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை வைத்தால் உள்ளே வேர் வெந்துபோகும். தொட்டிக்கு அடியில் மூன்று செங்கற்களை இடைவெளிவிட்டு வைத்தால் தளச்சூடு ஏறுவது குறைவதோடு மழைநீர் வடியவும் வழி கிடைக்கும். கூரை விளிம்பிலிருந்தோ குளிர்சாதனக் குழாயிலிருந்தோ நீர் சொட்டி நடுக்குருத்தில் விழும் இடத்தை அறவே தவிர்க்கவும். முள்ளுள்ள இனங்களை நடைபாதை, துணிக்கொடி, படிக்கட்டுத் திருப்பம் ஆகியவற்றின் அருகில் வைக்கக் கூடாது. செடி இப்போது இருக்கும் அளவைக் கொண்டு இடத்தை முடிவு செய்யாமல், முழுதும் வளர்ந்தபின் அது பரவும் அளவைக் கொண்டு முடிவு செய்க.

மண்ணும் தொட்டியும்

இந்த ஒரு படியில் செலவிடும் உழைப்பு மற்றெல்லாவற்றையும்விடப் பயன் தரும். அகேவுக்குச் சத்துள்ள மண் முதன்மையன்று. நீர் நில்லாமல் வடிந்து, வேர்களுக்குக் காற்று கிடைக்கும் மண்ணே வேண்டும். பத்துச் சட்டி கலவைக்கு மூன்று சட்டி செம்மண், மூன்று சட்டி பருமணல், மூன்று சட்டி செங்கல் சில்லு, ஒரு சட்டி நன்கு மக்கிய மண்புழு உரம் என்பது எளிதில் கிடைக்கும் பொருள்களால் ஆன நல்ல அளவு. செங்கல்லை மிளகு முதல் கொண்டைக்கடலை வரையிலான பருமனில் உடைத்துச் சலித்து, தூளை நீக்கிவிட வேண்டும். ஆற்றுமணல் கிடைக்காதபோது எம்-சாண்ட் பயன்படுத்தலாம். ஆனால் அதிலுள்ள மாவுபோன்ற தூளைச் சலித்தோ அலசியோ போக்காவிட்டால் அது சிமெண்டைப்போல் இறுகி வடிகாலைக் கெடுக்கும். அடுப்புக்கரித் துண்டுகள் இருந்தால் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். கடற்கரை மணலில் உப்பு உண்டு, கரிசல் மண் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும், இரண்டும் வேண்டாம்.

கலவை சரியாக அமைந்ததா என்பதைச் சோதிக்க, ஒரு பிடியை நனைத்துக் கையால் இறுக்கி விடவும். கையைத் திறந்ததும் அது தானாக உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் இன்னும் சில்லும் மணலும் சேர்க்கவும்.

நர்சரிக் கன்றுகள் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில் வளர்க்கப்படுகின்றன. அது நனைந்தால் நாள்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். முற்றிலும் காய்ந்துவிட்டாலோ ஊற்றும் நீரை ஏற்காமல் ஓரத்தில் வழியவிடும். இரண்டும் அகேவுக்குத் தீங்கானவை. எனவே நார்க்கழிவை அப்படியே வைத்துப் புதுத் தொட்டிக்கு மாற்றாமல், வேரிலிருந்து அதை முழுதும் நீக்கிவிட வேண்டும்.

தொட்டி என்றால் பூச்சு இல்லாத மண் தொட்டியே சிறந்தது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும்; எடையும் அதிகம் என்பதால், தலைப்பாரம் உள்ள இச்செடி காற்றில் சாயாது. வேர்கள் ஆழத்தைவிட அகலத்தில் பரவுபவை. ஆதலால் ஆழம் குறைந்து வாய் அகன்ற தொட்டி போதும். வேர்த்தொகுதியைவிட இரண்டு மூன்று விரல் மட்டுமே பெரியதாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் சிறிய கன்றை வைத்தால், வேர் எட்டாத மண் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லும் கூழாங்கல்லும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். தோட்டக்கலை நூல்களில்கூட இது காணப்படும். உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த கல்லடுக்கிற்குள் நீர் எளிதில் இறங்காது. மேலுள்ள மண் முழுதும் ஊறி நிறைந்த பின்னரே இறங்கும். ஆகவே அந்தக் கல்லடுக்கு, ஈரம் தேங்கும் பகுதியை வேருக்கு இன்னும் அருகில் கொண்டுவருகிறது. வடிகால் துளையின்மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்து, அடியிலிருந்து மேல்வரை ஒரே கலவையை நிரப்புவதே சரியான முறை. துளை சிறியதாக இருந்தால் பெரிதாக்கிக்கொள்க. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம்.

நடும் முறை

முதலில் கன்றைத் தொட்டியிலிருந்து எடுத்து, பழைய மண்ணை உதிர்த்து, தேவையானால் வேரை நீரில் அலசவும். பழுப்பாகவும் உள்ளீடற்றதாகவும் உள்ள வேர்களைக் கத்தரித்துவிட்டு, வெளிறிய உறுதியான வேர்களை விட்டுவைக்கவும்.

அடுத்து, மண்ணில்லாமல் வெறும் வேரோடு கன்றை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் மூன்று முதல் ஐந்து நாள் வைத்திருக்கவும். வேறெந்தச் செடியையும் இப்படி வைத்தால் வாடிவிடும் என்பதால் புதியவர்கள் இதற்கு அஞ்சுவார்கள். ஆனால் அகேவுக்கு இதனால் தீங்கு ஏதும் இல்லை. வேரில் வெட்டுப்பட்ட காயங்கள் காய்ந்து மூடிக்கொள்ளும்.

பின்பு தொட்டியில் பாதியளவு கலவையை இட்டு, கன்றை நடுவில் நிறுத்தி, வேர்களைப் பரப்பி, சுற்றிலும் நிரப்பவும். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்மட்டத்திற்கு ஒரு விரற்கடை மேலே நிற்க வேண்டும். கழுத்து புதைந்தால் கீழ் இலைகள் ஈர மண்ணில் படிந்து அங்கிருந்தே அழுகத் தொடங்கும். மேல்மட்டத்தில் கூழாங்கல்லோ சரளையோ ஒரு விரற்கடை கனத்திற்குப் பரப்பிவிட்டால் மழைத்துளி தெறித்து மண் இலையில் படாது.

நட்டவுடன் நீர் ஊற்றக் கூடாது. ஒரு வாரம் கழித்து முதல் நீர் விடுவது போதும்.

நிலத்தில் நடுவோர், குறிப்பாக வண்டல், களிமண் பகுதிகளில் உள்ளவர்கள், குழி தோண்டி நடுவதைக் கைவிட்டு மேடு கட்டி நட வேண்டும். செங்கல் உடைசல், சரளை, செம்மண் ஆகியவற்றைக் கொண்டு ஓர் அடி முதல் ஒன்றரை அடி உயர மேடு அமைத்து, செடியைச் சற்றே சாய்வாக நட்டால் நடுக்குருத்தில் மழைநீர் தேங்காது. மலைச்சரிவில் இயற்கையாக வளரும் அகேவும் அப்படித்தான் நிற்கிறது.

தண்ணீர்

நன்றாக நனைக்க வேண்டும். பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். நாள்தோறும் ஒரு குவளை ஊற்றுவது மேல்மண்ணை மட்டும் ஈரமாக்கி, கழுத்தை எப்போதும் நனைந்த நிலையில் வைத்திருக்கும். அடித்துளை வழியாக நீர் வெளிவரும்வரை ஊற்றிவிட்டு, தொட்டி மண் அடிவரை காய்ந்த பிறகே அடுத்த முறை ஊற்றவும். காய்ந்துவிட்டதா என்பதை அறிய, எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகிச் சில நிமிடங்கள் கழித்து எடுத்துப் பார்க்கவும். குச்சியில் ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் காத்திருக்க வேண்டும்.

ஓர் அடி அகல மண் தொட்டியில், வெயிலில் நிற்கும் செடிக்குச் சித்திரை, வைகாசியில் வாரம் ஒருமுறை நீர் தேவைப்படும். பங்குனியிலும் ஆடிக் காற்றுக் காலத்திலும் பத்து நாளுக்கு ஒருமுறை போதும். மார்கழி, தையில் மூன்று வாரத்திற்கு ஒருமுறை விட்டாலே அதிகம். இவை தோராயமான அளவுகள். குச்சி காட்டுவதே இறுதி முடிவு. மாலையில் நீர் விடுவது நல்லது. நண்பகலில் குழாயிலிருந்து வரும் கொதிநீரை ஊற்ற வேண்டாம். இலைகளின்மேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றவும்.

வறட்சியைத் தாங்கும் செடி என்பதற்காகத் தொட்டியிலுள்ள அகேவுக்குக் கோடை முழுவதும் நீரே விடாமலிருப்பதும் சரியன்று. தன் நிலத்தில் அது பரந்த பரப்பில் வேர் விரித்து, சிறு தூறலையும் பிடித்துக்கொள்ளும். தொட்டியில் அதற்குக் கிடைப்பது ஒரு கூடை மண் மட்டுமே. நிலத்தில் நட்டு இரண்டு ஆண்டு ஆன செடிக்குத்தான் நீரைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. மழையே இல்லாத கடுங்கோடையில் மாதம் ஒருமுறை ஆழமாக நனைத்தால் போதும்.

நீர் போதவில்லை என்றாலும் அளவுக்கு மிஞ்சினாலும் செடி தளர்ந்தே தோன்றும். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். தாகத்தில் உள்ள செடியின் இலைகள் நீளவாக்கில் உள்நோக்கி மடங்கும், சுருக்கம் விழும், அடி இலைகள் நுனியிலிருந்து மொறுமொறுப்பாகக் காயும். நீர் மிகுந்த செடியின் அடி இலைகளோ மஞ்சளாகி, ஒளி ஊடுருவும்படி நீர்கோத்து, தொட்டால் கொழகொழவென்றிருக்கும். தளர்ச்சியைக் கண்டதும் தண்ணீர்க் குவளையைத் தேடாமல் முதலில் குச்சியைச் செருகிப் பார்க்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை சுருங்கியிருந்தால், வேர் அழுகி நீரை உறிஞ்ச முடியாத நிலையில் செடி இருக்கிறது. அப்போது ஊற்றும் ஒவ்வொரு குவளையும் அதன் முடிவை விரைவுபடுத்தும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெண்படலம் படியும். கோடை மழை ஒன்று பெய்யும்போது தொட்டியை வெளியே வைத்து முழுதும் நனைந்து வடியவிட்டால் சேர்ந்த உப்பு கழுவப்படும்.

அடைமழைக் காலம்

புரட்டாசி இறுதியில் நீர் விடுவதை நிறுத்திவிடவும். மழை தொடங்குமுன், தொட்டிகளை மழை படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் நிறைந்த இடத்திற்கு மாற்றவும்: சன்ஷேடுக்குக் கீழ், திறந்த வராந்தா, ஒளி புகும் தகடு வேய்ந்த பந்தல் போன்றவை ஏற்றவை. செடியின்மேல் பாலிதீன் உறையைக் கவிழ்ப்பது தீங்கானது; உள்ளே புழுக்கம் கூடி, மழையைவிட வேகமாக அது செடியை அழித்துவிடும்.

நகர்த்த முடியாத அளவு பெரிய தொட்டியானால், அதன் ஒரு பக்கத்தைக் கல்வைத்து உயர்த்திச் சாய்த்து வைக்கவும். மழை விட்டதும் நடுக்குருத்தைப் பார்த்து, தேங்கியுள்ள நீரைப் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கவும். ஒரு நாள் மழைக்குச் செடி ஒன்றும் ஆகிவிடாது. தொடர்ந்து ஒரு வாரம், பத்து நாள் நனைந்து நிற்பதுதான் ஆபத்து. தென்மேற்குப் பருவமழையும் பெறும் கன்னியாகுமரி, வால்பாறைப் பகுதிகளில் ஜூன் முதலே இந்தக் கவனம் தேவை. யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பகுதிகளில் வளர்ப்பவர்கள் வடகீழ்ப் பருவமழை நீடிக்கும் ஜனவரி வரை காப்பைத் தொடர வேண்டும். மழைக்காலம் முடிந்து வெளியே எடுக்கும்போது, வாங்கிய புதிதில் செய்ததுபோல் வெயிலுக்குப் படிப்படியாகப் பழக்கவும்.

உரம்

ஆண்டுக்கு ஒருமுறை, மாசி அல்லது பங்குனியில், தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். தழைச்சத்து மிகுந்த உரங்கள் இலைகளைத் தளதளவென்று ஆக்கி, செடியின் உறுதியைக் கெடுத்து, அழுகலுக்கு வழிவகுக்கும்.

முள்ளும் சாறும்

அகேவ் சாற்றில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. அவை தோலில் பட்டால் எரிச்சல், அரிப்பு, சிலருக்குக் கொப்புளம் உண்டாகும். இலை வெட்டும்போதும் தொட்டி மாற்றும்போதும் தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி ஆகியவை அணிந்திருப்பது இன்றியமையாதது; துணிக் கையுறை முள்ளைத் தடுக்காது. சாறு தெறிக்கும் என்பதால் இயந்திரக் கத்தியால் அகேவை வெட்டக் கூடாது. தோலில் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவவும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லவும். மூட்டுப் பகுதியில் முள் குத்தி நுனி உள்ளே முறிந்துவிட்டால் அதையும் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

பெரிய செடியை இடம் மாற்றுமுன், இலைகளை மேல்நோக்கிச் சேர்த்துச் சாக்கினால் சுற்றிக் கட்டிக்கொண்டால் வேலை எளிதாகும். நுனிமுள்ளின் கூரை மட்டும் நகவெட்டியால் அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கிள்ளிவிடலாம். செடிக்கு அதனால் பாதிப்பில்லை. அடி இலைகளைப் பொறுத்தவரை, முழுதும் காய்ந்தவற்றை மட்டும் நீக்க வேண்டும். பச்சை இலைகளை வரிசையாகச் சீவி, செடியை அன்னாசிப் பழம்போல் நிறுத்தும் பழக்கம் சில பூங்காக்களில் உள்ளது. அது சேமித்த நீரையும் உணவையும் செடியிடமிருந்து பறிப்பதோடு, காயங்கள் வழியே நோய் நுழையவும் இடம் கொடுக்கிறது.

பூச்சியும் அழுகலும்

மாவுப்பூச்சியும் செதில்பூச்சியுமே அடிக்கடி வருபவை. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே, மருந்துக் கடைகளில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்தெடுத்தால் போதும். வேப்பெண்ணெய்க் கரைசல் பயன் தருவதே. ஆனால் அது சாம்பல் பூத்த இலைகளின் மெழுகுப் படலத்தைக் கரைத்துவிடும். ஓர் இலையில் சோதித்துப் பார்த்து, மாலையில் மட்டும் தெளிக்கவும். காரணம் தெரியாமல் செடி வளர்ச்சி நின்றுபோனால் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்க்கவும்; அங்கே வெண்மாவு படிந்திருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுதும் கொட்டிவிட்டு, வேரை நன்கு அலசி, காயவைத்து, புதுக் கலவையில் நட வேண்டும்.

ஈரக் காலத்தில் இலையில் கறுத்துக் குழிந்த புள்ளிகள் தோன்றினால் அது பூஞ்சை நோய். அந்த இலையை வெட்டி அப்புறப்படுத்தி, செடியை உலர்ந்த இடத்திற்கு மாற்றவும். அடித்தண்டு அழுகத் தொடங்கியிருந்தால் தயங்காமல் பிடுங்கி, சுத்தமான கத்தியால் வெண்மையான நல்ல சதை தெரியும்வரை வெட்டி, தாமிர ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தூவி, இரண்டு வாரம் நிழலில் காயவிட்டு, உலர்ந்த மணற்கலவையில் நிறுத்தவும். நடுக்குருத்தே கையோடு வந்துவிட்ட செடியைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. அதன் பக்கக் கன்றுகள் நலமாக இருந்தால் அவற்றைப் பிரித்தெடுப்பதே மிச்சம்.

பக்கக் கன்றுகள்

பல இனங்கள் மண்ணுக்கடியில் கிழங்குபோன்ற தண்டை ஓடவிட்டு, தாயைச் சுற்றிக் கன்றுகளை எழுப்பும். கன்று ஒரு சாண் அளவு வளர்ந்து, தனக்கென வேர்விட்ட பிறகு பிரிப்பது பாதுகாப்பானது. மண்ணைச் சற்று விலக்கி, தாயோடு இணைக்கும் தண்டைக் கூரிய கத்தியால் வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நான்கைந்து நாள் நிழலில் வைத்து, முன்சொன்ன முறையிலேயே நடவும். தை முதல் பங்குனி வரை இதற்கு உகந்த காலம். நிலத்தில் நட்ட ஆனைக்கற்றாழையின் கன்றுகளை ஆண்டுதோறும் எடுத்துவிடாவிட்டால் அவ்விடம் சில ஆண்டுகளில் முட்புதராகிவிடும். விக்டோரியா-ரெஜினே பெரும்பாலும் கன்று ஈனாது. விதையிலிருந்தே அதைப் பெருக்குகிறார்கள். அதன் விலைக்கு அதுவும் ஒரு காரணம்.

தொட்டிச் செடியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, மண் மாற்றி, ஒரு படி பெரிய தொட்டியில் நடவும்.

பூக்கும்போது

பெரும்பாலான அகேவ் இனங்களில் ஓர் இலையடுக்கு வாழ்நாளில் ஒரே முறைதான் பூக்கும். பூத்து முடிந்ததும் அது இறந்துவிடும். ஆனைக்கற்றாழை பூக்கப் பத்து முதல் முப்பது ஆண்டுகள்வரை ஆகலாம். நடுவிலிருந்து புறப்படும் தண்டு ஆறு முதல் எட்டு மீட்டர் உயரம் எழும். இத்தனை ஆண்டு சேமித்த நீரும் உணவும் அந்தத் தண்டிற்கே செல்வதால் இலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கும். இதைக் கண்டு நோயென்று எண்ணி மருந்தடிப்பவர்கள் உண்டு, அதற்குத் தேவையில்லை. தண்டை வெட்டிவிட்டால் செடி பிழைக்கும் என்று கருதுவதும் வீணே. மெக்சிகோவில் டெகீலா என்ற மதுவுக்காக நீல அகேவ் வளர்ப்போர் பூந்தண்டை முளையிலேயே வெட்டுவதுண்டு. செடியை வாழவைக்க அவர்கள் அப்படிச் செய்வதில்லை. சர்க்கரை முழுவதையும் அடித்தண்டிலேயே நிறுத்தி அறுவடை செய்யவே வெட்டுகிறார்கள்.

வீட்டின் அருகிலோ மின்கம்பிக்குக் கீழோ தண்டு எழுந்தால், புயல் காலத்திற்குள் அதைத் தாங்குகழியோடு கட்டவோ வெட்டவோ ஏற்பாடு செய்க. காய்ந்த தண்டு எடை குறைந்ததாயினும் நெடியது. பலத்த காற்றில் முறிந்து விழும். அங்குஸ்டிஃபோலியா, சிசலானா (கயிற்றுக்கு நார் எடுக்கப்படும் கற்றாழை) போன்ற இனங்களில் பூக்கள் உதிர்ந்த கிளைகளிலேயே சிறுசிறு கன்றுகள் முளைத்துத் தொங்கும். அவை இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்தபின் பறித்து, மணல் மிகுந்த கலவையின்மேல் நிறுத்தினால் ஓரிரு மாதத்தில் வேர்விடும். தாய்ச்செடி முழுதும் காய்ந்தபின் அடித்தண்டைத் தோண்டி எடுத்துவிட்டு, அழுகல் ஏதும் இல்லாதிருந்தால் மட்டும் அந்தத் தொட்டி மண்ணைப் புதுச் சரளையோடு கலந்து இக்கன்றுகளுக்குப் பயன்படுத்தலாம்.